படத்தில் இருக்கும் லிச்சியைக் குழந்தை ஏன் பறிக்கப் பார்க்கிறது?

மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் வசிக்கும் ஓர் இளம் தாய் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். அவருடைய மகளுக்கு 21 மாதம். படப் புத்தகத்தில் லிச்சிப் பழத்தைக் கண்டால் நகத்தால் சுரண்டி எடுக்கப் பார்க்கிறாள். உள்ளங்கை அளவே உள்ள பொம்மைக் காருக்குள் காலை நுழைத்து ஏற முயல்கிறாள். "பிள்ளைக்குப் புத்தியில் ஏதோ குறை" என்று மாமியார் பயப்படுகிறாராம். இது முதல் கேள்வி. தமிழ் எழுத்து அட்டையைப் பார்த்து "அணில்" என்கிறாள். அணிலையே பார்த்திராதவள் சொல்லும் அந்தச் சொல்லுக்குப் பொருள் உண்டா, அட்டைகளை ஒதுக்கிவிட்டு டேப்லெட் வாங்கித் தரலாமா என்பது இரண்டாவது. அழிந்துபோன டோடோ பறவையைக் குறித்து நான்கரை வயது மகன் "டோடோ எங்கே இருக்கிறது?" என்று விடாமல் கேட்கிறானாம். அவனுக்கு என்ன சொல்வது என்பது மூன்றாவது.

பாலர் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிப்பவள் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். முதலில் உங்கள் மாமியாரின் பயத்தைப் போக்கிவிடலாம். பேத்தி செய்வது இரண்டுமே அந்த வயதுக்கு உரியவை. சற்று முன்பின்னாக உலகெங்கும் குழந்தைகள் இப்படித்தான் செய்கிறார்கள்.

காரிலிருந்தே தொடங்குகிறேன். 2004இல் ஜூடி டெலோச் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய சகாக்களும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 18 முதல் 30 மாதக் குழந்தைகளை ஓர் அறையில் விளையாட விட்டார்கள். ஏறி உட்காரக்கூடிய கார், சறுக்கு மரம், சிறு நாற்காலி ஆகியவை அங்கே இருந்தன. குழந்தைகள் அவற்றில் நன்றாக விளையாடிய பிறகு வெளியே அழைத்துச் சென்றார்கள். திரும்பி வரும்போது அதே இடங்களில் அதே வடிவமும் நிறமும் கொண்ட குட்டிப் பொம்மைகள் இருந்தன. ஏறக்குறைய பாதிக் குழந்தைகள் கைப்பிடி அளவுள்ள அந்தப் பொருள்களின் மேல் உட்காரவும், சறுக்கவும், கதவைத் திறந்து காலை விடவும் முயன்றார்கள். விளையாட்டுக்காகச் செய்யவில்லை, முழு மனத்தோடு முயன்றார்கள். முடியாதபோது சிலர் மீண்டும் மீண்டும் முயன்றார்கள். இரண்டு வயதை நெருங்கும் மாதங்களில்தான் இது மிகுதியாகக் காணப்பட்டது. உங்கள் மகள் சரியாக அங்கேதான் இருக்கிறாள்.

அந்தக் கார் சிறியது என்பது அவள் கண்ணுக்குத் தெரியும். கதவைத் திறக்கும்போது அவள் விரல்களைக் கவனியுங்கள், அந்தச் சிறு கதவுக்கு ஏற்றபடி நுனிவிரலால்தான் பிடிப்பாள். கை, அளவை அறிந்தே வேலை செய்கிறது. ஆனால் "கார் என்றால் ஏறி உட்காருவது" என்ற எண்ணம் பொம்மையைப் பார்த்த மாத்திரத்தில் எழுந்து விடுகிறது, அதை அளவு என்னும் செய்தி தடுத்து நிறுத்தவில்லை. என்ன செய்யலாம் என்று திட்டமிடும் பகுதியும், உடலை அசைத்துச் செய்து முடிக்கும் பகுதியும் மூளையில் இன்னும் முழுமையாகக் கைகோக்கவில்லை என்பது ஆய்வாளர்களின் விளக்கம். வயது ஏற ஏற இது தானாகவே குறைந்து போகும். குட்டி நாற்காலியில் உட்காரப் போய்ச் சறுக்கி விழாமல் அருகில் இருந்தால் போதும்.

கவலைப்பட வேண்டிய அறிகுறிகள் வேறு. ஒன்றரை வயது தாண்டியும் தனக்குப் பிடித்ததை உங்களுக்குக் காட்ட விரலை நீட்டாமல் இருப்பது, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமல் இருப்பது, பேசிய சொற்களை இழந்து விடுவது, இரண்டரை வயதாகியும் பொம்மைக்குச் சோறூட்டுவது போன்ற பாவனை விளையாட்டு எதுவும் இல்லாமல் இருப்பது. இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. லிச்சியைச் சுரண்டிவிட்டு உங்கள் முகத்தைப் பார்த்து எதையோ சொல்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பார்வை நல்ல அறிகுறி.

இனி லிச்சி. ஒன்பது மாதக் குழந்தைகளின் முன்னே வண்ணப் படங்களை வைத்தபோது அவர்கள் படத்தில் இருந்த பொருளைத் தடவினார்கள், தட்டினார்கள், பிடுங்கி எடுக்கப் பார்த்தார்கள். அமெரிக்கக் குழந்தைகளும் அப்படித்தான், படங்கள் அரிதான மேற்கு ஆப்பிரிக்க ஐவரி கோஸ்ட் கிராமத்துக் குழந்தைகளும் அப்படித்தான். ஏமாந்து போய்ச் செய்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். நிஜப் பொருளையும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நிஜப் பொருளைத்தான் எடுக்கிறார்கள். இரண்டுக்கும் வேறுபாடு இருக்கிறது என்று தெரிகிறது, அந்த வேறுபாட்டின் பொருள்தான் தெரியவில்லை. தொட்டு, சுரண்டி, அதைக் கண்டுபிடிக்க முயல்கிறார்கள். 19 மாத அளவில் பெரும்பாலான குழந்தைகள் பிடுங்குவதை விட்டுவிட்டுச் சுட்டத் தொடங்கியிருந்தார்கள். ஆனாலும் நிஜம் போன்ற பளபளப்பான புகைப்படத்தைக் கண்டால் கை போகத்தான் செய்யும். அதிலும் நவம்பர், டிசம்பரில் வீட்டில் கூடை கூடையாக லிச்சி உரித்துத் தின்ற நாக்கு அது!

குழந்தைகளைப் பற்றிப் பேசும்போது நாம் இரண்டு வெவ்வேறு திறன்களை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். படத்தில் இருப்பது என்ன என்று அடையாளம் காண்பது ஒன்று. அந்தப் படம், அங்கே இல்லாத வேறொன்றைக் குறிக்கிறது என்று அறிவது இன்னொன்று. முதலாவது மிகச் சீக்கிரம் வந்துவிடுகிறது. ஜூலியன் ஹோச்பெர்க், வர்ஜீனியா புரூக்ஸ் என்ற இருவர் தங்கள் குழந்தையை 19 மாதம் வரை படங்களின் பெயர் எதையும் சொல்லித் தராமல், கூடிய மட்டும் படங்களே கண்ணில் படாமல் வளர்த்தார்கள். பிறகு கோட்டோவியங்களையும் புகைப்படங்களையும் காட்டியபோது, அது என்னவென்று குழந்தை சொல்லிவிட்டது. 1962இல் வெளியான ஆய்வு இது. இன்று அப்படி ஒரு குழந்தையை வளர்க்க யாரும் துணிய மாட்டார்கள் என்றே நினைக்கிறேன், ஆனால் அதன் முடிவு முக்கியமானது. அடையாளம் காண்பதற்குப் பாடம் தேவையில்லை. இரண்டாவதற்குத்தான் காலமும் பெரியவர்களின் துணையும் வேண்டும்.

அந்த இரண்டாவது திறனைப் பற்றி நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி 1987இல் டெலோச் வெளியிட்ட ஒரு சோதனையிலிருந்து வளர்ந்தது. நினைவாற்றலை ஆராய்வதற்காகத்தான் அவர் தொடங்கினார். ஓர் அறை, அதற்குப் பக்கத்தில் அதே அறையின் சிறிய மாதிரி. பெரிய அறையில் சோபா இருக்கும் இடத்தில் மாதிரியில் சின்ன சோபா, அலமாரி இருக்கும் இடத்தில் சின்ன அலமாரி. குழந்தை பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு சின்ன நாய்ப் பொம்மையைச் சின்ன சோபாவுக்குப் பின்னால் ஒளித்து வைப்பார்கள். "பெரிய நாயும் தன் பெரிய அறையில் இதே இடத்தில்தான் ஒளிந்திருக்கிறது, போய்க் கண்டுபிடி" என்பார்கள். மூன்று வயதுக் குழந்தைகள் நேரே சோபாவுக்குப் பின்னால் போனார்கள். அவர்களைவிட ஏழெட்டு மாதமே இளைய இரண்டரை வயதுக் குழந்தைகள் உற்சாகமாக ஓடினார்கள், அறை முழுக்கத் தேடினார்கள், எங்கே தேடுவது என்றே தெரியவில்லை. மறந்துவிட்டார்களா? இல்லை. திரும்ப மாதிரியிடம் அழைத்து வந்து "சின்ன நாய் எங்கே?" என்று கேட்டால் உடனே எடுத்துக் கொடுத்தார்கள். பார்த்தது நினைவில் இருக்கிறது. ஆனால் இந்தச் சின்ன அறை, அந்தப் பெரிய அறையைப் பற்றிய செய்தி என்பது அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

ஏன் என்று கேட்டு அவர் அடுத்தடுத்துச் செய்த சோதனைகளை நான் ஒவ்வொரு பயிற்சி வகுப்பிலும் விரிவாகச் சொல்வேன். மாதிரிக்குப் பதிலாக அறையின் புகைப்படத்தில் இடத்தைக் காட்டியபோது, மாதிரியில் தோற்ற அதே இரண்டரை வயதுக் குழந்தைகள் வென்றார்கள். நமக்கு இது தலைகீழாகத் தோன்றும். தொட்டுப் பார்க்கக்கூடிய, முப்பரிமாண மாதிரிதானே எளிதாக இருக்க வேண்டும்? மாதிரி தன்னளவிலேயே ஓர் அருமையான பொருளாக இருப்பதுதான் இடையூறு. புகைப்படத்தை வைத்து என்ன விளையாடுவது? அதைப் பார்க்கத்தான் முடியும். பார்த்தால், அது எதைக் காட்டுகிறதோ அங்கே மனம் போகிறது. சன்னல் வழியே தெருவைப் பார்ப்பவரின் கண்ணில் கண்ணாடி படாதது போல. மாதிரியோ கண்ணையும் கையையும் தன்னிடமே நிறுத்திக்கொள்கிறது. இதை உறுதிசெய்ய டெலோச் இரண்டு திசையிலும் தள்ளிப் பார்த்தார். மாதிரியை ஒரு கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் வைத்துத் தொடவிடாமல் செய்தார்: இரண்டரை வயதுக் குழந்தைகள் முன்னேறினார்கள். மூன்று வயதுக் குழந்தைகளை முதலில் மாதிரியோடு சில நிமிடம் விளையாடவிட்டார்: வென்றுகொண்டிருந்தவர்கள் பின்வாங்கினார்கள்.

1997இல் வெளியான சோதனை இன்னும் அழகானது. பொருள்களைச் சுருக்கிவிடும் இயந்திரம் ஒன்று தங்களிடம் இருப்பதாகக் குழந்தைகளிடம் சொன்னார்கள். முதலில் ஒரு பொம்மையை அதன் முன் வைத்து, வெளியே போய் ஏதேதோ சத்தம் கேட்கச் செய்து, திரும்பி வந்து பார்த்தால் அதே பொம்மை குட்டியாகிக் கிடக்கும். பிறகு அறையையே சுருக்கினார்கள். இப்போது அந்தச் சின்ன அறை வேறொன்றின் மாதிரி அன்று. அந்த அறையேதான், சுருங்கிக் கிடக்கிறது. இரண்டரை வயதுக் குழந்தைகள் தயக்கமின்றிச் சரியான இடத்தில் தேடினார்கள். ஒன்றைப் பார்த்து மற்றொன்றை ஒப்பிடும் திறன் அவர்களுக்கு முன்பே இருந்திருக்கிறது. ஒரே பொருள் தானாகவும் இருக்கிறது, வேறொன்றையும் குறிக்கிறது என்று இரண்டையும் சேர்த்து மனத்தில் வைத்துக்கொள்வதுதான் சுமையாக இருந்தது.

தமிழ் மரபு இந்த இரட்டை நிலையை நன்றாக அறிந்திருக்கிறது. பிள்ளைத்தமிழில் சிற்றில் பருவம் என்று ஒன்று உண்டு. சிறுமிகள் மணலில் வீடு கட்டுவார்கள். அதைக் காலால் அழிக்க வரும் சிறுவனிடம், எங்கள் சிற்றிலைச் சிதைக்காதே என்று கெஞ்சுவார்கள். அது மணல் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதற்குள் போய்க் குடியிருக்க யாரும் முயல்வதில்லை. ஆனாலும் அது வீடு. கடைசியாக வரும் சிறுதேர்ப் பருவத்திலும் அப்படித்தான்: குதிரை பூட்டாத தேர், பிள்ளை இழுத்தால் ஓடும். இந்தப் பருவங்களைப் புலவர்கள் வரிசையின் கடைசியில் வைத்தார்கள். செங்கீரை, தால், சப்பாணி எல்லாம் கடந்து வந்த பிள்ளைக்குத்தான் சிற்றிலும் சிறுதேரும். பிள்ளை வளர்ப்பைக் கூர்ந்து பார்த்தவர்கள் வகுத்த வரிசை என்றே எனக்குத் தோன்றுகிறது.

இப்போது அணில். மொரீஷியஸில் அணில் கிடையாது. கீரி உண்டு, குரங்கு உண்டு, மான் உண்டு, அணில் இல்லை. வீட்டில் இத்தீவின் பேச்சுமொழியான கிரியோல் பேசி, பள்ளியில் தமிழ் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு "அ – அணில்" என்பது பார்த்திராத ஒரு விலங்கு, பழகாத ஒரு சொல், புதிதான ஓர் எழுத்து, மூன்றும் சேர்ந்த அட்டை. அப்படியானால் உங்கள் மகள் சொல்வது கிளிப்பிள்ளைப் பேச்சா? அப்படி இல்லை என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. மெலிசா பிரைஸ்லரும் சூசன் கேரியும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், 18 மாதக் குழந்தைகளுக்கும் 24 மாதக் குழந்தைகளுக்கும் முட்டை அடிக்கும் கம்பிக் கரண்டியின் கோட்டோவியத்தைக் காட்டி அதன் பெயரைச் சொல்லிக் கொடுத்தார்கள். பிறகு அந்த ஓவியத்தையும் நிஜக் கரண்டியையும் அருகருகே வைத்து அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டார்கள். பெயரைக் கற்றபோது பார்த்தது ஓவியத்தை மட்டும்தான். ஆனாலும் குழந்தைகள் நிஜக் கரண்டியைக் காட்டினார்கள், அல்லது இரண்டையும் காட்டினார்கள். ஓவியத்தை மட்டும் காட்டி நிறுத்தவில்லை. சொல் தாளுக்கு உரியதன்று, தாள் காட்டும் பொருளுக்கு உரியது என்று அந்தச் சிறு வயதிலேயே பிடித்துக்கொள்கிறார்கள். ஆகவே உங்கள் மகள் நாளை தமிழ்நாட்டுக்குப் போய் ஒரு வேப்பமரத்தடியில் நிற்கும்போது, வாலைத் தூக்கிக்கொண்டு ஓடும் அந்தப் பிராணியை அவள் அணில் என்று அழைத்தால் நான் வியப்படைய மாட்டேன்.

ஆனால் இதற்கு நிபந்தனைகள் உண்டு. பாட்ரிசியா கானியாவும் டெலோச்சும் சேர்ந்து 2008இல் செய்த ஆய்வில், படப் புத்தகத்தில் கற்ற பெயரை நிஜப் பொருளுக்குப் பொருத்துவதில் 15, 18 மாதக் குழந்தைகளுக்கு நிஜத்தைப் போன்ற படங்களே அதிகம் உதவின. எளிமைப்படுத்திய கேலிச்சித்திரம் போன்றவை குறைவாகவே உதவின. பழக்கமும் தேவை. தான்சானியாவின் கிராமப்புறத்தில் படங்கள் அதிகம் புழங்காத சூழலில் வளரும் குழந்தைகளிடம் 2013இல் வெளியான ஓர் ஆய்வில், படத்திலிருந்து நிஜப் பொருளுக்குச் சொல்லைக் கொண்டுசெல்லும் திறன் அமெரிக்கக் குழந்தைகளைவிடத் தாமதமாக, மூன்று வயதை ஒட்டியே தெளிவாகத் தெரிந்தது. அந்தக் குழந்தைகளிடம் குறை எதுவும் இல்லை. படத்தை எதற்காகப் பார்ப்பது என்பதை யாராவது மடியில் வைத்துக் காட்டினால்தான் தெரியும். படம் எதையோ சொல்வதற்காக இருக்கிறது என்ற பழக்கம் மனிதரிடமிருந்து மனிதருக்கு வருவது.

எனவே அட்டையை மட்டும் நம்பாமல் தோட்டத்துக்கு வாருங்கள் என்று சொல்வேன். ஓகாரத்துக்கு எழுத்து அட்டையில் ஓணான் இருக்கும். அதே ஓணான் நம் வேலிகளில் வெயில் காய்ந்துகொண்டிருக்கிறது. ஏறக்குறைய நூறாண்டுக்கு முன் வெளியிலிருந்து வந்து இங்கே பெருகிய இனம் அது. வேலியில் ஒன்றைப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் வந்து அட்டையைக் காட்டுங்கள். மறுநாள் அட்டையைக் காட்டிவிட்டு வேலிக்குப் போங்கள். இலைக்கும், ஈக்கும், எலுமிச்சைக்கும் இதைச் செய்யலாம். படத்துக்கும் பொருளுக்கும் இடையே குழந்தை இப்படிப் போய் வரும்போதுதான் படம் என்றால் என்ன என்பது பிடிபடுகிறது. அணிலைப் பொறுத்தவரை நல்ல புகைப்படம் ஒன்றைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள். சட்டை போட்டு, கண்ணாடி மாட்டி, பள்ளிக்குப் பை தூக்கிப் போகும் அணிலை இந்த வயதில் தவிர்ப்பது நல்லது. விலங்குகளை மனிதர்களைப் போல் பேசவும் நடக்கவும் வைக்கும் கதைப் புத்தகங்களைப் படித்த மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள், நிஜ விலங்குகளுக்கும் மனிதக் குணங்களை ஏற்றிச் சொன்னார்கள் என்று கானியாவின் 2014 ஆய்வு காட்டியது. மதுரைக் குழந்தை மறுநாள் முற்றத்தில் உண்மையான அணிலைப் பார்த்துத் திருத்திக்கொள்ளும். நம் குழந்தைக்கு அந்த வாய்ப்பு இல்லை. கதைக்காகப் பேசும் அணில் வரட்டும், அது தனி இன்பம். அணில் என்னும் விலங்கை அறிமுகப்படுத்தும் முதல் படம் அதுவாக இருக்க வேண்டாம்.

தடவினால் ரோமம், இழுத்தால் வால், தூக்கினால் கதவு என்று விலை உயர்ந்த புத்தகங்கள் கடைகளில் நிறைய. உறவினர்கள் ஆசையாக வாங்கி வருவார்கள், மறுக்க வேண்டாம். ஆனால் எழுத்துக் கற்பிக்க அவை சாதாரணப் புத்தகத்தைவிடக் குறைவாகவே உதவுகின்றன. 2012இல் வெளியான ஆய்வொன்றில், இரண்டரை முதல் மூன்று வயதுக் குழந்தைகள் இழுத்து விளையாடும் அமைப்புள்ள எழுத்துப் புத்தகத்தில் கற்றதைவிட எளிய புத்தகத்தில் அதிக எழுத்துகளைக் கற்றார்கள். மாதிரி அறையில் நடந்ததுதான் இங்கேயும் நடக்கிறது. கைக்கு வேலை கொடுக்கும் பொருள் கவனத்தைத் தன்னிடமே பிடித்துக்கொள்கிறது; எழுத்து கண்ணில் படுவதில்லை. கோயில் கூடத்தில் நடக்கும் தமிழ் வகுப்புகளுக்கு நன்கொடை தர விரும்புபவர்கள் இதை நினைவில் வைத்தால் நல்லது. பஞ்சும் பிளாஸ்டிக்கும் ஒட்டிய ஒரு புத்தகத்தின் விலைக்குத் தெளிவான படங்கள் கொண்ட எளிய புத்தகங்கள் பலவற்றை வாங்கிவிடலாம்.

டேப்லெட் இப்போது வேண்டாம். திரையில் தெரிவதும் ஒரு வகைப் படம்தான், அதையும் குழந்தை படிப்படியாகத்தான் புரிந்துகொள்ள வேண்டும். அடுத்த அறையில் பொம்மையை ஒளித்து வைப்பதைத் தொலைக்காட்சித் திரையில் பார்த்த இரண்டு வயதுக் குழந்தைகள், அந்த அறைக்குள் போனதும் பெரும்பாலும் கண்டுபிடிக்கவில்லை. அதையே சன்னல் வழியாக நேரில் பார்த்தபோது கண்டுபிடித்தார்கள். ஜார்ஜீன் டிரோசத்தும் டெலோச்சும் 1998இல் காட்டியது இது. மூன்று வயதிலும் மயக்கம் முற்றிலும் தீர்வதில்லை: திரையில் தெரியும் சோளப்பொரிக் கிண்ணத்தைக் காட்டி, தொலைக்காட்சிப் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தால் பொரி கொட்டுமா என்று ஜான் ஃபிளாவெலின் குழுவினர் கேட்டபோது, மூன்று வயதுக் குழந்தைகள் பலர் கொட்டும் என்றார்கள். நான்கு வயதுக் குழந்தைகள் கொட்டாது என்றார்கள். பிரான்சில் இருக்கும் அத்தையோடு வீடியோவில் பேசுவது வேறு வகை. அங்கே எதிர்முனையில் ஒருவர் குழந்தையின் பேச்சுக்குப் பதில் சொல்கிறார், சிரித்தால் சிரிக்கிறார். அதைத் தாராளமாகச் செய்யுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் இதைக் கவனிக்காமல் படங்களைப் பற்றிப் பேச முடியாது. பூசை அறையில் முருகன் படம் இருக்கிறது. லிச்சிப் படத்தை அவள் சுரண்டலாம், நக்கலாம், அதன் மேல் உட்காரவும் செய்யலாம். யாரும் எதுவும் சொல்வதில்லை. முருகன் படத்தின் மேல் கால் பட்டால் வீடே பதறுகிறது. தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளச் சொல்கிறோம். இரண்டும் தாள்தான், இரண்டிலும் வண்ணம்தான். குழந்தை இந்த வேறுபாட்டைத் தாளில் கண்டுபிடிக்க முடியாது. நம் கைகளிலும் முகத்திலும்தான் கண்டுபிடிக்க முடியும். தைப்பூசக் காவடியன்று இன்னும் ஒரு புதிர் வருகிறது. சிறுவர்கள் தங்கள் தோளுக்கு ஏற்ற சிறிய காவடி எடுத்துப் போகிறார்கள். அது பெரிய காவடியின் பொம்மையா? இல்லை, அளவில் சிறியது, ஆனால் அதுவே காவடி. பொம்மைக் கார் கார் அன்று, சின்னக் காவடி காவடிதான். அளவை வைத்து இதைத் தீர்க்க முடியாது. யார், எதற்காக, எந்த மனநிலையில் அதைக் கையாளுகிறார்கள் என்பதைப் பார்த்துத்தான் தீர்க்க முடியும். நம் இரண்டு வயதுக் குழந்தைகள் இந்தச் சிக்கலான பாடத்தை ஒவ்வொரு நாளும் வீட்டில் படித்துக்கொண்டிருக்கிறார்கள். அதனால்தான் அவர்கள் தவறாகக் கை வைக்கும்போது அதட்டாதீர்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன். "இது சாமி படம், கும்பிடலாம், இது புத்தகப் படம், தொட்டுப் பார்க்கலாம்" என்று சொல்லிச் செய்து காட்டினால் போதும்.

இதே அறிவு விளையாட்டைத் தாண்டியும் பயன்பட வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஒரு சிறு குழந்தைக்கு யாராவது தீங்கு செய்தார்களா என்று விசாரிக்கும்போது பொம்மையைக் கொடுத்து, "உன்னை எங்கே தொட்டார்கள், இதில் காட்டு" என்று கேட்கும் வழக்கம் பல நாடுகளில் இருந்து வந்திருக்கிறது. பேச்சு வராத குழந்தைக்குப் பொம்மை உதவும் என்பது நம் எண்ணம். டெலோச்சும் டொனால்ட் மார்சோல்ஃபும் 1995இல் வெளியிட்ட ஆய்வில், மிகச் சிறிய குழந்தைகளுக்குப் பொம்மை உதவவில்லை. இந்தப் பொம்மை நான்தான் என்று எண்ணிக்கொள்வதே அவர்களுக்குப் பெரும்பாடு. குழந்தைகளோடு பணியாற்றும் சமூகநலப் பணியாளர்களும் காவல் துறையினரும் இதை அறிந்திருக்க வேண்டும். பொம்மையில் சரியாகக் காட்டவில்லை என்பதற்காக ஒரு குழந்தையின் சொல்லை ஒதுக்கிவிடுவது பெரிய அநீதி.

இனி உங்கள் மகனும் டோடோவும். இந்தத் தீவில் வளரும் குழந்தைக்கு டோடோ போலப் பழகிய பறவை வேறில்லை. நாட்டின் சின்னத்தில் மானுக்கு எதிரே நிற்கிறது, கடை கடையாகப் பொம்மையாகத் தொங்குகிறது, துவாலையிலும் தேநீர்க் கோப்பையிலும் இருக்கிறது. படத்தில் இருப்பது எங்கோ நிஜமாக இருக்கும் என்று இரண்டு ஆண்டுகளாகப் பாடுபட்டுக் கற்றுக்கொண்ட குழந்தை, அந்த விதியை டோடோவுக்கும் பொருத்துகிறது. எனவே அவன் கேட்பது மிகச் சரியான கேள்வி. படத்தைப் புரிந்துகொண்டவன்தான் அதைக் கேட்க முடியும்.

"அது கதை" என்று சொல்லிவிடாதீர்கள். பேசும் அணிலையும் அழிந்துபோன பறவையையும் அவன் ஒரே பெட்டியில் போட்டுவிடுவான். "ஒளிந்திருக்கிறது" என்றும் சொல்லாதீர்கள், தேடத் தொடங்கிவிடுவான். உண்மையைச் சொல்லுங்கள்: முன்பு இங்கே இருந்தது, இப்போது எங்கும் இல்லை. 1598இல் டச்சுக்காரர்கள் இந்தத் தீவில் இறங்கினார்கள். அவர்களும் அவர்களோடு வந்த எலி, பன்றி, குரங்கு முதலியவையும் அந்தப் பறவையின் வாழ்வைக் குலைத்தன. 1662க்குப் பிறகு அதைப் பார்த்ததாக ஐயமற்ற குறிப்பு இல்லை. நான்கரை வயதுக்கு ஆண்டுகள் வேண்டாம். "உன் தாத்தாவின் தாத்தா பிறப்பதற்கும் முன்பே கடைசி டோடோ இறந்துவிட்டது" என்றால் போதும்.

பிறகு எலும்பைக் காட்டுங்கள். போர்ட் லூயி இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குச் சொந்தமான எலும்புக்கூடு ஒன்று இருக்கிறது. எத்தியென் திரியூ என்ற முடிதிருத்துநர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலைப்பகுதியில் கண்டெடுத்தது அது. ஒரே பறவையின் எலும்புகளால் ஆன முழு எலும்புக்கூடு உலகில் அது ஒன்றுதான். அதன் முன்னே அவனை நிறுத்தி, இது செய்த பொம்மை இல்லை, வரைந்த படமும் இல்லை, டோடோவின் உடலுக்குள் இருந்த அதே எலும்பு என்று சொல்லுங்கள். பொம்மை, படம், எலும்பு என்ற மூன்றும் மூன்று வகையில் டோடோவோடு தொடர்பு கொண்டவை என்பதை அந்த வயதுக் குழந்தையால் அழகாகப் பிடித்துக்கொள்ள முடியும்.

வீட்டுக்கு வந்ததும் அவனையே ஒரு டோடோ வரையச் சொல்லுங்கள். அது உருளைக்கிழங்கு போல வந்தாலும் "இது என்ன?" என்று கேட்காமல் "உன் டோடோவைப் பற்றிச் சொல்" என்று கேளுங்கள். பால் புளூமும் லோரி மார்க்சனும் 1998இல் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளை ஒரு பலூனையும் ஒரு குச்சி மிட்டாயையும் வரையச் சொன்னார்கள். இரண்டும் ஒரே மாதிரி வட்டமும் கோடுமாக இருந்தன. சற்று நேரம் கழித்துக் கேட்டபோது, எதை எதுவாக எண்ணி வரைந்தார்களோ அந்தப் பெயரைத்தான் சொன்னார்கள். வரைந்தவரின் எண்ணம்தான் படத்தின் பொருள் என்று அந்த வயதில் அவர்கள் உறுதியாக நம்புகிறார்கள்.

அவனுடைய டோடோ ஒல்லியாக இருந்தால் திருத்த வேண்டாம். நாம் காணும் கொழுத்த டோடோ, 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய ஓவியர்கள் சிலர் வரைந்த உருவத்திலிருந்து வந்தது. அவற்றில் பல, காட்டில் திரிந்த பறவையைப் பார்த்து வரைந்தவை அல்ல. எலும்புகளை அளந்து பார்த்த பிற்கால ஆய்வாளர்கள் அந்தப் பறவை அவ்வளவு பருமனாக இருந்திருக்காது என்கிறார்கள். முகலாய அரசவையின் ஓவியர் உஸ்தாத் மன்சூர் வரைந்ததாகக் கருதப்படும் டோடோ, உயிருள்ள பறவையைப் பார்த்து வரைந்ததாக இருக்கலாம்; அது ஓரளவு மெலிந்த பறவைதான். அந்தப் படம் கிடைத்தால் அவன் வரைந்ததற்குப் பக்கத்தில் வைத்து அவனிடம் காட்டுங்கள்.